புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! – பழங்காசு பற்றி வாசகர் கேள்வி, பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “என்னிடம் உள்ள காசு எத்தனை லட்சம் போகும்?” லட்சம் போகும் காசும் உலகில் இருக்கிறது. அது பெரும்பாலும் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருப்பதில்லை. வங்கியில் காசாளராக உட்கார்ந்து ஊர்க்காசையெல்லாம் எண்ணி ஓய்ந்தவன் நான். மிகைப்படுத்திச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: மாமியார் காலமான பிறகு, பரணில் ஒரு பித்தளைச் செம்பு நிறைய வெள்ளி ரூபாய் கிடைத்தது. எல்லாம் கறுத்துப்போய் இருக்கின்றன. புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் நாத்தனார். நகைக்கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

முதலில் நாத்தனார் கையிலிருக்கும் புளியை வாங்கி வையுங்கள், அம்மா. வெள்ளி கறுப்பது இயற்கை. அந்தக் கறுப்பு, காசை யாரும் சீண்டவில்லை என்பதற்குச் சாட்சி. சேகரிப்பவர் ஒருவர் காசை எப்படிப் பார்ப்பார் தெரியுமா? விளிம்பைப் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். தேய்த்த காசில் மயிரிழை போன்ற கீறல்கள் வட்ட வட்டமாக மின்னும். ராஜாவின் தாடி முடியும் ராணியின் கிரீடத்து முத்துகளும் மழுங்கியிருக்கும். அதைக் கண்டதும் பேசாமல் காசைக் கீழே வைத்துவிடுவார். புளிக்குச் சொன்னது சபீனாவுக்கும், விபூதிக்கும், பற்பசைக்கும் பொருந்தும்.

இப்போது ஒரு வெள்ளைத் துணியை விரித்துக் காசுகளை ஆண்டுவாரியாகப் பிரியுங்கள். 1835 முதல் 1939 வரை போட்ட ரூபாயில் வெள்ளி 91.7 விழுக்காடு, எடை 11.66 கிராம். நாட்டு மருந்துச் சீட்டில் ‘ஒரு ரூபாய் எடை’ என்று எழுதினார்களே, அந்த எடைதான். ஒரு காசில் சுத்த வெள்ளி ஏறக்குறைய 10.7 கிராம் இருக்கும். தேய்மானத்துக்குச் சிறிது கழித்துக்கொள்ளலாம். 1940 முதல் 1945 வரை போட்டதில் எடை அதே. வெள்ளி மட்டும் சரிபாதி. போர்க்காலம், வெள்ளி கிடைக்கவில்லை. 1947 ரூபாயின் பின்புறத்தில் புலி நடந்து போகும். அதில் வெள்ளி துளியும் இல்லை; முழுக்க நிக்கல், காந்தம் ஒட்டும். மூன்றையும் ஒன்றாகக் கொட்டித் தராசில் வைத்தால் யாருக்கு லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. “பழைய வெள்ளி, எண்பது டச்தான் வரும்” (நூற்றுக்கு எண்பது பங்குதான் சுத்த வெள்ளி) என்று கடைக்காரர் சொன்னால், 1939-க்கு முற்பட்டவற்றுக்கு அதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எடைக்குப் போடக் கூடாதவை சில உண்டு. ஜார்ஜ் மன்னர் படம் போட்ட 1911 ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். மன்னரின் அங்கியில் தொங்கும் பதக்கச் சங்கிலியில் ஒரு யானை செதுக்கியிருந்தார்கள். தும்பிக்கை சிறுத்துப்போனதால் அது பன்றிபோலத் தெரிகிறது என்று இஸ்லாமியர்களிடம் எதிர்ப்பு எழுந்தது. அரசு மேற்கொண்டு வெளியிடுவதை நிறுத்தி, மறு ஆண்டே யானையைத் திருத்திப் போட்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எனக்கும் அது பன்றியாகத்தான் படுகிறது! 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாயும் கவனிக்க வேண்டியது. அதே ஆண்டெழுத்தை வைத்துக்கொண்டே 1870கள் வரை அடித்துத் தள்ளினார்கள். ஆண்டெழுத்தை ஒட்டி இருக்கும் சிறு புள்ளிகளை எண்ணித்தான் எது எந்தக் காலத்தது என்று தரம் பிரிக்கிறார்கள். சில புள்ளிக் கணக்குகளுக்கு நல்ல விலை உண்டு. 1939 ரூபாய் மிக அரியது. அரியது என்பதாலேயே போலியும் ஏராளம். எண்ணைத் திருத்தியதும் உண்டு, வார்த்ததும் உண்டு. உங்கள் செம்பில் 1939 இருந்தால் மகிழ்ச்சியை ஒத்திவைத்துவிட்டு, அனுபவமுள்ள இருவரிடமாவது காட்டுங்கள்.

உங்கள் செம்பில் மிகுதியாக இருக்கப்போவது 1917, 1918, 1919 ஆகிய ஆண்டுகளாகத்தான் இருக்கும். அவை மலிவானவை. ஆனால் அவற்றின் கதை மலிவானதல்ல. முதல் உலகப் போரின்போது வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது. 1917 நவம்பரில் ஒரு ரூபாய்க்கும், மறு ஜனவரியில் இரண்டரை ரூபாய்க்கும் காகித நோட்டு அச்சிட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். சனங்கள் காகிதத்தை நம்பவில்லை. நோட்டைக் கொடுத்து வெள்ளியைக் கேட்டு வரிசையில் நின்றார்கள். கருவூலம் காலியாகும் நிலை. 1918 ஏப்ரலில் அமெரிக்காவில் பிட்மன் சட்டம் நிறைவேறியது. சுமார் 26 கோடி வெள்ளி டாலர்களை உருக்கி பிரிட்டனுக்கு விற்றார்கள். அந்த வெள்ளி கப்பலேறி இங்கே வந்து ரூபாயாக அடிக்கப்பட்டது. உங்கள் மாமியார் செம்பில் போட்டு வைத்த 1918 ரூபாய், அதற்கு முந்தைய பிறவியில் அமெரிக்க டாலராக இருந்திருக்கலாம். சந்தையில் இதற்காக ஒரு பைசா கூடுதலாகத் தரமாட்டார்கள். தெரிந்துகொண்டு விற்றால் மனத்துக்கு நிறைவு, அவ்வளவே.

தேய்ந்த 1918-களை வெள்ளி விலை ஏறியிருக்கும் நாளில் எடைக்குக் கொடுப்பதில் தவறில்லை. காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசுகளும் எடைக்கே போகும். பற்றவைத்த தடம் இருந்தால், வளையத்தை எடுத்துவிட்டாலும் சேகரிப்பவர் தொடமாட்டார்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர்: வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய் நாணயம் என்னிடம் உள்ளது. காணொளியில் பார்த்த எண்ணுக்குப் படம் அனுப்பினேன். பத்து லட்சம் தருவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கி முத்திரையுடன் கடிதமும் அனுப்பியிருக்கிறார்கள். பதிவுக் கட்டணமாக 2,500 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். கட்டிவிட்டீர்களென்றால் அடுத்து ‘ஜி.எஸ்.டி.’ என்பார்கள், அதற்கடுத்து ‘காப்பீடு’ என்பார்கள், பிறகு ‘பணம் எடுத்து வரும் வண்டியைச் சுங்கச்சாவடியில் பிடித்துவிட்டார்கள்’ என்பார்கள். வண்டி உங்கள் தெருவுக்கு வரவே வராது.

தம்பி, பத்து லட்சம் கொடுக்கப்போகிறவன் தனக்கு வேண்டிய இரண்டாயிரத்து ஐந்நூறை அதிலேயே கழித்துக்கொண்டு மீதியைத் தரலாமே? இந்த ஒரு கேள்வியை அவனிடம் கேட்டுப் பாருங்கள், தொலைபேசி துண்டிக்கப்படும். ரிசர்வ் வங்கி பழங்காசு வியாபாரம் செய்வதில்லை. அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை. எந்த நிறுவனத்துக்கும் அப்படிக் கேட்க அனுமதி தந்ததும் இல்லை. 2021 ஆகஸ்டில் வங்கியே இதை அறிக்கையாக வெளியிட்டு எச்சரித்திருக்கிறது. முத்திரை போட்ட கடிதம் என்கிறீர்கள். கணினி வைத்திருக்கும் எந்தப் பள்ளிக்கூடத்துப் பையனும் அரை மணி நேரத்தில் அதைச் செய்துவிடுவான்.

உங்கள் காசு புழக்கத்துக்காக அடித்துவிட்ட நினைவு நாணயம். புதுக் கருக்கோடு இருந்தால் கண்காட்சி மேசையில் முகமதிப்பைவிடச் சற்றுக் கூடக் கேட்கலாம். கைபட்டிருந்தால் ஐந்து ரூபாய்க்கு டீ கூடக் கிடைக்காது. தாமரை போட்ட 20 பைசாவைப் பற்றியும் காந்தி படம் போட்ட 20 பைசாவைப் பற்றியும் கேட்ட மற்ற வாசகர்களுக்கும் இதே பதில்தான். ஆதார் அட்டைப் படத்தையும் வங்கிக் கணக்கு எண்ணையும் ஏற்கெனவே அனுப்பியிருந்தால், இன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். உங்கள் வங்கிக் கிளையிலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்: தாத்தா சேர்த்து வைத்த அம்மன் காசு சுருக்குப்பை நிறைய இருக்கிறது. என்ன மதிப்பு?

பொருள் மதிப்பு சொற்பம். புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட சிறு செப்புக் காசு அது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. பிற்காலத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இயந்திரத்தில் அடித்து வரவழைத்தார்கள். அதனால் எண்ணிக்கை மிகுதி, விலை குறைவு. கையால் அடித்த பழையவை ஒழுங்கற்ற வடிவில், தடிமனாக இருக்கும். அவற்றைப் பிரித்து வையுங்கள்.

விற்காதீர்கள் என்று சொல்லத்தான் ஆசை. நவராத்திரியில் மக்களுக்கு அரிசியோடு சேர்த்து அரண்மனை கொடுத்த காசு. ஆளுக்கொன்றாகப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அந்த விலைக்கு அதைவிட நல்ல பரிசு கடையில் கிடைக்காது.

தேனி மாவட்ட வாசகர்: 1818 என்று ஆண்டும், கிழக்கிந்தியக் கம்பெனி என்று ஆங்கில எழுத்தும், ராமர் பட்டாபிஷேகமும் உள்ள காசு நண்பரிடம் இருக்கிறது. அரிசியை இழுக்கிறது. நேரில் பார்த்தேன். கோடிக்கணக்கில் விலை போகும் என்கிறார். பங்குக்கு என்னிடம் பணம் கேட்கிறார்.

அரிசியை இழுத்ததை நீங்கள் பார்த்தது உண்மையாக இருக்கலாம். அரிசியை யார் கொண்டுவந்தது என்று பார்த்தீர்களா? இரும்புத்தூள் பூசிய அரிசியும் காசுக்கு அடியில் ஒரு காந்தமும் இருந்தால் யார் வீட்டுக் காசும் இழுக்கும். அடுத்த முறை உங்கள் வீட்டுப் பானையிலிருந்து ஒரு பிடி பொன்னி அரிசி எடுத்துக்கொண்டு போங்கள்.

காசு விஷயத்துக்கு வருவோம். ராமரும் சீதையும் அனுமாரும் போட்ட அணாக் காசைக் கம்பெனி அடித்ததே இல்லை. 1616, 1717, 1818, 1839 என்றெல்லாம் மனம்போன ஆண்டுகளோடு, ‘யு.கே.எல். ஒன் அணா’ என்ற விளங்காத எழுத்தோடு கிடைப்பவை அனைத்தும் பிற்காலத்தில் கோயில் வாசலிலும் சந்தையிலும் விற்பதற்காகச் செய்த பித்தளை, செப்பு வில்லைகள். 1616-இல் கம்பெனிக்கு இங்கே அணாக் காசு அடிக்க ஏது அக்கசாலை?

“கம்பெனி சாமி படமே போடவில்லை” என்று சிலர் எழுதுகிறார்கள், அதுவும் தவறு. சென்னையில் கம்பெனி அடித்த நட்சத்திர வராகனில் ஒருபுறம் விஷ்ணு உருவம், மறுபுறம் நட்சத்திரம். 1808-இல் வந்த வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் அடுக்கடுக்கான கோபுரம், மறுபக்கம் விஷ்ணு. சுற்றிலும் தமிழும் தெலுங்கும்கூட இருக்கும். வணிகம் செய்ய வந்தவன் உள்ளூர்க்காரன் நம்பும் உருவத்தைப் போட்டுத்தான் காசை ஓட்டினான். அந்த அரை வராகன் நல்ல நிலையில் இருந்தால் மதிப்புள்ளது. உங்கள் நண்பரின் காசு பழைய பித்தளை விலைக்குப் போகும். ‘ரைஸ் புல்லிங்’ என்ற பெயரில் ஏமாற்றிச் சிறைக்குப் போனவர்கள் பற்றிய செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களில் வந்தபடியே இருக்கிறது. நண்பரும் ஏமாந்தவராகவே இருக்கலாம். பங்குப் பணம் மட்டும் கொடுக்காதீர்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவர்: என்னிடம் ஓட்டைக் காலணா இரண்டு இருக்கின்றன. ஒன்றைக் கொடுத்தால் பத்து வெளிநாட்டுக் காசு தருவதாக நண்பன் சொல்கிறான். மாற்றிக்கொள்ளலாமா? காசுகளை எதில் போட்டு வைப்பது?

தாராளமாக மாற்றிக்கொள்ளலாம், தம்பி. ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை வந்தது. போரில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் துளை போட்டார்கள். ஏராளமாகக் கிடைக்கும், விலை அதிகமில்லை. இரண்டில் எது தெளிவாக இருக்கிறதோ அதை நீ வைத்துக்கொண்டு மற்றதைக் கொடு. நண்பன் தரும் பத்தில் எத்தனை வேறு வேறு நாடு, எத்தனை ஒரே காசின் நகல் என்றும் பார்த்துக்கொள். சேகரிப்பவர்களுக்குள் மாற்றும்போது முகமதிப்பு கணக்கில் வராது. எது கிடைப்பது அரிது, எது கருக்குக் குலையாமல் இருக்கிறது என்ற இரண்டும்தான் கணக்கு.

காசே செலவில்லாத ஒரு சேகரிப்பு சொல்கிறேன். அப்பா கொண்டுவரும் சில்லறையில் ஆண்டுக்குக் கீழே பார். சிறு வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டு, ஒரே ரூபாய், நான்கு அக்கசாலை. நான்கையும் சேர்த்துவிட்டு அடுத்த ஆண்டுக்குப் போ. இரண்டிரண்டாகச் சேர்ந்ததை வகுப்பில் மாற்றிக்கொள்.

போட்டு வைக்க, கொழகொழவென்று வளையும் மலிவான பிளாஸ்டிக் உறை வேண்டாம். சில ஆண்டுகளில் அது பச்சையாகக் கசிந்து காசில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் சன்னல் வைத்த அட்டைச் சட்டம் கடைகளில் கிடைக்கிறது, அதை வாங்கு. செப்புக் காசில் களிம்பு ஏறியிருந்தால் நீயாக எதுவும் செய்யாதே. உலர்ந்த இடத்தில் வை.

கரூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி: கிணறு வெட்டும்போது சிறு கலயத்தில் செப்புக் காசுகள் கிடைத்தன. வியாபாரி ஒருவர் வீடு தேடி வந்து விலை கேட்கிறார்.

அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள், ஐயா. காசைக் கொடுக்காதீர்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் புதைந்திருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டதானால், கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எங்கே, எந்த நாள் என்று எழுதித் தாசில்தார் அலுவலகத்தின் வழியாகக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மறைத்தால் உங்களுக்குச் சேர வேண்டிய பங்கும் போகும், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. அரசு எடுத்துக்கொள்ளும்போது, உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரச் சட்டத்தில் வழி இருக்கிறது. வியாபாரி சொல்லும் தொகையைவிடக் குறைவாக இருக்கலாம். அதை மறைக்க மாட்டேன்.

கலயத்தை உடைக்காமல், காசுகளைக் கழுவாமல், இருந்தபடியே கொடுங்கள். அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து சேரர் காசும் ரோமானியர் காசும் கிடைத்திருக்கும் மண் உங்களுடையது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்து வெளியிட்ட ஒரு சிறு செப்புக் காசில் ‘பெருவழுதி’ என்று தமிழ்ப் பிராமியில் இருந்தது. சங்கப் பாடலில் மட்டும் கேட்டிருந்த பாண்டியர் பெயர் காசிலேயே கிடைத்தது அப்படித்தான். உங்கள் கலயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி ஆளுக்கொரு காசாக விற்றுவிட்டால், அதில் எந்த எழுத்து இருந்தது என்று கேட்கவும் ஆள் இருக்காது.

சிதம்பரத்திலிருந்து ஒரு வாசகி: லண்டனிலிருக்கும் மகன், கொள்ளுத்தாத்தாவின் காசுகளைப் பெட்டியில் எடுத்துப்போக விரும்புகிறான்.

வேண்டாம். நூறு ஆண்டைத் தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. மேலே சொன்ன 1918 ரூபாய்கூட இப்போது அந்தக் கணக்கில் வந்துவிட்டது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கம் சொல்லும் நிலை பையனுக்கு எதற்கு? நல்ல படமாக எடுத்து அனுப்புங்கள்.

பல ஊர்களிலிருந்து: 10 ரூபாய் நாணயம் வாங்க மறுக்கிறார்களே?

செல்லும். அதுவரை புழக்கத்தில் விடப்பட்ட 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. 50 பைசாவும் செல்லும். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30-இலிருந்து செல்லாது. கடைக்காரருடன் சண்டை போடாமல் வங்கியில் கட்டுங்கள். வங்கி வாங்க மறுத்தால் அங்கே சண்டை போடலாம். நான் உங்கள் பக்கம்.

சென்னை, மயிலாப்பூரிலிருந்து ஒரு வாசகர்: கண்காட்சியில் 1808-ஆம் ஆண்டின் 20 காசு ஒன்று வாங்கினேன். கம்பெனிச் சின்னம், பாரசீக எழுத்து எல்லாம் இருக்கின்றன. இருநூறு ஆண்டு ஆகியும் தேய்மானமே இல்லை. போலி என்கிறார் மைத்துனர்.

மைத்துனரின் சந்தேகம் நியாயமானது. ஆனாலும் காசு அசலாக இருக்க வாய்ப்பு மிகுதி. சென்னை மாகாணத்துக்காகப் பர்மிங்காம் சோஹோ அக்கசாலையில் அடித்த இந்தக் காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் புறப்பட்டது. 1809 ஜனவரியில், இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. சென்னைக்கு வர வேண்டிய சில்லறை கடலடியில் கிடந்தது. 1980களில் மூழ்காளர்கள் லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். பீப்பாயின் வெளிப்புறத்தில் இருந்தவற்றைக் கடல்நீர் அரித்துவிட்டது. உள்ளே நெருக்கிக் கிடந்தவை அடித்த கருக்கோடு வந்தன. சந்தையில் தேயாமல் கிடைக்கும் 1808 காசுகளில் பல இந்தக் கப்பலைச் சேர்ந்தவை. எந்தக் கையிலும் புழங்காதது எப்படித் தேயும்?

பூதக்கண்ணாடியில் பரப்பைப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் நுண்ணிய குழிகள் இருந்தால் அது கடல் வேலை. குமிழ் குமிழாக, எழுத்தின் ஓரம் வழுவழுவென்று உருண்டிருந்தால் வார்ப்பு, மைத்துனர் வென்றார். கடலில் கிடந்தது என்பதற்காக விற்றவர் இரட்டிப்பு விலை வாங்கியிருந்தால் கொஞ்சம் அதிகம் கொடுத்திருக்கிறீர்கள். நல்ல கருக்குள்ளவை இன்னும் சில நூறுகளிலிருந்து சில ஆயிரங்களுக்குள் கிடைக்கின்றன. என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று எழுதவில்லையே?